உயர்நிலைப் பள்ளியில் ஊடக எழுத்தறிவு: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்திக்கொண்டே, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ஊடக எழுத்தறிவு வகுப்புகளையும் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். பணியிடைப் பயிற்சிகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் தேநீர் இடைவேளைகளிலும் என்னிடம் கேட்கப்படும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்து நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஊடக எழுத்தறிவு என்றால் இதழியல் பாடமா? பத்திரிகையில் சேரப் போகிறவர்களுக்கு அல்லவா அது?

இதழியல் செய்தியை எழுதக் கற்றுத் தருகிறது. ஊடக எழுத்தறிவோ, தன் கைக்கு வந்து சேர்ந்த செய்தியை, படத்தை, காணொளியை யார் உருவாக்கினார், எதற்காக உருவாக்கினார், எதை ஆதாரமாகக் கொண்டார் என்று கேட்டுப் பார்க்கும் பழக்கத்தைத் தருகிறது. சோறு ஊசிப்போயிருப்பதை அறிந்துகொள்ள ஒருவர் சமையற்காரராக இருக்க வேண்டியதில்லை.

இது நேற்றுத் தோன்றிய எண்ணமும் அன்று. யுனெஸ்கோ 1982இலேயே அன்றைய மேற்கு ஜெர்மனியின் குரூன்வால்டில் ஊடகக் கல்வி குறித்து ஓர் அறிக்கையை வெளியிடச் செய்தது. அப்போது கவலை தொலைக்காட்சியைப் பற்றியது. பின்லாந்து 2016இல் நடைமுறைக்கு வந்த தன் தேசியப் பாடத்திட்டத்தில் பல்வகை எழுத்தறிவை, அதாவது எழுத்து, படம், காணொளி என எல்லா வடிவங்களையும் படித்தறியும் திறமையை, எல்லாப் பாடங்களுக்கும் பொதுவான திறனாக வைத்தது. நமக்குப் பக்கத்தில், கேரளத்தின் கண்ணூர் மாவட்ட நிர்வாகம் 2018இல் ‘சத்யமேவ ஜயதே’ என்ற பெயரில் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை இனங்காணும் வகுப்புகளை நடத்தியது.

சின்னப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் எதையோ அனுப்புவதால் என்ன வந்துவிடப் போகிறது?

2018ஆம் ஆண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு குடும்பம் வழி கேட்பதற்காக வண்டியை நிறுத்தியது. அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. குழந்தை கடத்துகிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற குரல் பதிவுகள் அந்த வட்டாரத்துக் கைபேசிகளில் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. கும்பல் தாக்கியதில் அந்தக் குடும்பத்து முதிய பெண்மணி ஒருவர் உயிரிழந்தார்.

அந்த ஆண்டில் நாடு முழுவதும் பரவிய கடத்தல் காணொளிகளுள் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் தூக்கிச் சென்ற குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டும் இறுதிப் பகுதியை யாரோ வெட்டியெறிந்துவிட்டு அனுப்பியிருந்தார்கள். வாட்ஸ்அப் நிறுவனம் அந்த ஜூலையில்தான் ‘முன்னனுப்பப்பட்டது’ என்ற குறியைச் சேர்த்து, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்குமேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. அனுப்பும் விரல் யாருடையது, அதற்கு எத்தனை வயது என்பது அந்தச் சங்கிலிக்கு ஒரு பொருட்டே இல்லை.

பாடத்திட்டத்தில் இல்லாததை எந்தப் பாடவேளையில் நடத்துவது? பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை.

தனிப் பாடவேளை கேட்டுத் தலைமையாசிரியரிடம் போனால், என் அனுபவத்தில், புன்னகையோடு திருப்பி அனுப்பப்படுவீர்கள். ஆகவே கேட்காதீர்கள். புவியியலில் துணைக்கோள் படம் வரும்போதும், கணக்கில் பட்டை வரைபடம் வரும்போதும், தமிழில் செய்தி அறிக்கை எழுதும் பயிற்சி வரும்போதும் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். நூலகப் பாடவேளையும், விடுப்பில் சென்ற ஆசிரியருக்குப் பதிலாக நாம் அனுப்பப்படும் பாடவேளையும் இதற்கென்றே அமைந்தவை. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் டிசம்பருக்குப் பிறகு இதைத் தொட வேண்டாம். ஒன்பதிலும் பதினொன்றிலும் தொடங்குவதே பயன் தரும்.

முதல் வகுப்பில் எதைக் காட்டித் தொடங்குவது?

கட்சியும் மதமும் சாதியும் இல்லாத, ஆனால் அவர்கள் ஏற்கெனவே பார்த்திருக்கக்கூடிய ஒன்று வேண்டும். நான் எப்போதும் ‘தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து நாசா எடுத்த இந்தியா’ என்று ஆண்டுதோறும் சுற்றுகிற படத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன். இருண்ட பின்னணியில் வெள்ளையும் நீலமும் பச்சையும் சிவப்புமாக இந்தியா மின்னும். படத்தைத் திரையிலோ என் கைபேசியிலோ காட்டிவிட்டு, உண்மையா பொய்யா என்று கேட்காமல், “என்ன பார்க்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்பேன். பட்டாசு, மத்தாப்பு, வாணவேடிக்கை என்று விடைகள் வரும். கரும்பலகையில் இரண்டு பத்திகள் போட்டு, கண்ணால் பார்ப்பதை ஒன்றிலும், படத்தோடு வந்த வாசகம் சொல்வதை மற்றொன்றிலும் எழுதச் சொல்வேன். ‘சிவப்புப் புள்ளிகள்’ முதல் பத்தியில் நிற்கும். ‘பட்டாசு’ இரண்டாவது பத்திக்கு நகர்ந்துவிடும். அந்த நகர்வைப் பார்த்த நிமிடத்தில் வகுப்பில் பாதிப்பேருக்குப் பாடம் விளங்கிவிடுகிறது.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன், “தீபாவளிக்கு நம்ம ஊர்ல மழைதானே சார் பெய்யும், மேகம் எங்கே?” என்று கேட்டான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு மட்டுமே தோன்றக்கூடிய கேள்வி அது. எந்தக் கருவியும் இல்லாமல், தன் சொந்த அறிவைக் கொண்டே அவன் படத்தை மடக்கிவிட்டான்.

பிறகுதான் விடையைச் சொல்வேன். அது ஓர் இரவின் புகைப்படமே அன்று. அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகத்தைச் சேர்ந்த அறிவியலாளர் கிறிஸ் எல்விட்ஜ், நகரங்களின் விளக்கொளி ஆண்டுதோறும் எப்படிப் பெருகியது என்று காட்ட, பல ஆண்டுகளின் துணைக்கோள் தரவுகளை அடுக்கி 2003இல் உருவாக்கிய வரைபடம். வெள்ளை 1992க்கு முன்பே தெரிந்த ஒளி; நீலம் 1992இலும் பச்சை 1998இலும் சிவப்பு 2003இலும் புதிதாகத் தெரிந்தவை. நாசாவே 2012இல் இதை விளக்கி, அந்த ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் இரவில் எடுத்த உண்மையான படத்தையும் வெளியிட்டது. தீபாவளியின் கூடுதல் வெளிச்சம் விண்ணிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கே இருக்கும் என்றும் சொன்னது. படம் பொய்யில்லை, அதன் தலையில் ஏற்றிய வாசகம்தான் பொய் என்பதைப் பிள்ளைகள் இங்கே பிடித்துக்கொண்டால், அடுத்து வரும் பல வகுப்புகள் எளிதாகிவிடும்.

பள்ளிக்குள் கைபேசி கூடாது. கைபேசி இல்லாமல் இதை எப்படிக் கற்பிப்பது?

நன்றாகவே கற்பிக்கலாம். ஒரே நாள் காலையில் வந்த மூன்று தமிழ் நாளிதழ்கள் போதும். ஒரே நிகழ்ச்சி எந்தப் பக்கத்தில், எத்தனை பத்தி அகலத்தில், எந்தப் படத்தோடு வந்திருக்கிறது என்று ஒப்பிடச் சொல்லுங்கள். ஓர் இதழில் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது மற்றோர் இதழில் ஏழாம் பக்கத்து மூலையில் கிடக்கும். இரண்டும் உண்மைச் செய்திதான். ஆனால் இரண்டு வாசகர்களின் மனத்திலும் அன்றைய நாள் ஒன்றுபோல் இருக்காது.

நாளிதழில் அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர்களும் அச்சிடப்பட்ட இடமும் சிறு எழுத்தில் இருக்கும் வரியைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்வது இன்னொரு நல்ல பயிற்சி. பத்திரிகைகளைப் பதிவுசெய்வதற்கான 1867ஆம் ஆண்டுச் சட்டம் முதல், அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டம் வரை இந்தப் பொறுப்பு தொடர்கிறது. பிழை நேர்ந்தால் பிடிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதுதான் அந்த வரியின் பொருள். கைபேசியில் வரும் பெயரில்லாச் செய்தியில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று அடுத்துக் கேளுங்கள்.

நான் தமிழாசிரியர். கணினி, செயலி எதுவும் எனக்குத் தெரியாது. என்னால் என்ன செய்ய முடியும்?

உங்களால் முடிந்த அளவுக்குக் கணினி ஆசிரியரால் முடியாது என்பது என் உறுதியான கருத்து. கேள்விப்பட்டதை வேறாகப் பிரித்துச் சொல்லத் தமிழில் ‘ஆம்’ என்ற இடைச்சொல்லே இருக்கிறது. ‘விடுமுறை விட்டார்கள்’ என்றால் சொல்பவர் பொறுப்பேற்கிறார். ‘விடுமுறை விட்டார்களாம்’ என்றால் காதில் விழுந்ததைக் கடத்துகிறார். முதல் வரிசை மாணவியிடம் ‘நாளைக்கு லீவாம், கலெக்டர் ஆபீசில் யாரோ சொன்னார்களாம்’ என்று எழுதிய சீட்டைக் கொடுத்து, காதோடு காதாகக் கடைசி வரிசை வரை அனுப்பச் சொன்னேன். கடைசி மாணவன் கரும்பலகையில் எழுதியது: ‘நாளை விடுமுறை. கலெக்டர் அறிவிப்பு.’ விசாரித்ததில் மூன்றாவது வரிசையிலேயே இரண்டு ‘ஆம்’களும் உதிர்ந்துபோயிருந்தன, ‘யாரோ’ என்பவர் கலெக்டராகப் பதவி உயர்வு பெற்றதும் அங்கேதான். வதந்தி வளரும் விதத்தை இதைவிடத் தெளிவாக எந்தச் செயலியும் காட்டாது.

அடுத்து வினைச்சொற்களுக்குப் போகலாம். ‘அணையில் தண்ணீர் குறைவாக உள்ளது என்று அதிகாரி கூறினார்’ என்ற தொடரில் ‘கூறினார்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஒப்புக்கொண்டார்’, ‘மழுப்பினார்’, ‘எச்சரித்தார்’ என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். அதிகாரி சொன்னதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அவரைப் பற்றி நாம் நினைப்பது மூன்று முறை மாறிவிடுகிறது. செயப்பாட்டு வினையையும் இப்படியே நடத்தலாம். ‘கூறப்படுகிறது’, ‘தெரியவருகிறது’, ‘வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’ ஆகிய தொடர்களில் எழுவாய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடச் சொன்னால், இலக்கணப் பாடமும் முடிகிறது, இதுவும் முடிகிறது.

பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கப் பத்து வழிகள் என்று ஒரு பட்டியல் கொடுங்கள், வகுப்புச் சுவரில் ஒட்டிவைக்கிறோம்.

பட்டியலை நானும் ஒட்டிப் பார்த்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா, வடிவமைப்பு நேர்த்தியாக இருக்கிறதா, ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கம் இருக்கிறதா என்பன போன்ற கேள்விகள் எல்லாம் அந்தப் பக்கத்துக்குள்ளேயே விடை தேட வைக்கின்றன. பொய் சொல்கிறவர் இவற்றையெல்லாம் சரியாகச் செய்துவைத்துக்கொண்டுதான் கடை விரிக்கிறார்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நல்ல விளக்கம். பத்து வரலாற்றறிஞர்கள், பத்துச் செய்தி சரிபார்ப்பாளர்கள், இருபத்தைந்து இளங்கலை மாணவர்கள் ஆகியோரிடம் சில இணையத்தளங்களைக் கொடுத்து, நம்பத்தகுந்தவையா என்று மதிப்பிடச் சொன்னார்கள். முனைவர் பட்டம் பெற்றவர்கள் உட்படப் பலர் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழாகப் படித்து, அழகான முத்திரையையும் கல்வித்தோரணையையும் கண்டு ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறோம். பெண் பார்க்கப் போகும் வீட்டில் பலகாரத்தைச் சுவைப்பதோடு நிற்காமல், தெருமுனைக் கடையில் விசாரித்துவிட்டு வரும் நம் பெரியவர்களின் வழக்கம்தான் இது. சுவரில் ஏதாவது ஒட்டியே தீர வேண்டும் என்றால் ‘வெளியே போய் விசாரி’ என்று எழுதி ஒட்டுங்கள்.

தொலைக்காட்சியின் பெயரும் முத்திரையும் தேதியும் இருக்கின்றனவே, அந்த நியூஸ் கார்டைப் பொய் என்று எப்படிச் சொல்வது?

தமிழ்ப் பிள்ளைகளுக்கு வந்து சேரும் பொய்களில் இதுவே மிகப் பழக்கமான வடிவம் என்பதால், இரண்டு வகுப்புகளை இதற்கே ஒதுக்குங்கள். உண்மையான கார்டின் பின்னணியையும் முத்திரையையும் அப்படியே வைத்துக்கொண்டு வாசகத்தை மட்டும் மாற்ற ஐந்து நிமிடம் போதும். எட்டாம் வகுப்பு மாணவனே செய்துவிடுவான். எழுத்துரு மாறியிருக்கிறதா, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது சில நேரம் உதவும். ஆனால் உண்மையான கார்டுகளிலும் பிழைகள் மலிந்து கிடப்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. முந்தைய விடையில் சொன்னபடி வெளியே போக வேண்டும். அதே தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்தில், அதே நாளில், அதே கார்டு இருக்கிறதா? இல்லையென்றால் நமக்கு வந்ததைப் பகிரக் காரணம் இல்லை.

பயிற்சிக்கு மழை விடுமுறைக் கார்டைவிடச் சிறந்த பொருள் கிடையாது. உண்மையாக இருக்க வேண்டும் என்று நாற்பது பேரும் ஒருமனதாக விரும்பும் செய்தி வேறு என்ன இருக்கிறது? விடுமுறையை அறிவிப்பவர் யார் என்று கேளுங்கள். வானிலை ஆய்வு மையம் மழையைத்தான் சொல்லும். பள்ளிக்கு விடுமுறை என்று சொல்வது மாவட்ட ஆட்சியர். ஆகவே தேட வேண்டிய இடம் மாவட்ட நிர்வாகத்தின் பக்கம். போன ஆண்டின் உண்மையான கார்டில் தேதியை வெட்டிவிட்டு இந்த ஆண்டு அனுப்புவதும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, சென்னைக்கு அருகிலுள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும், பெருமழை வரப்போவதாக நாசா கணித்திருக்கிறது என்றும் பரவிய இரு பொய்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். நாசா சென்னைக்கு மழை அறிவிப்பதில்லை என்ற ஒரே தகவல் இரண்டாவதைக் கவிழ்த்துவிடும்.

காணொளி வந்தால் என்ன செய்வது? படத்தைத் தேடுவதுபோல் காணொளியைத் தேட முடியாதே.

முடியும். காணொளியை நிறுத்தி, கடைப்பலகையோ வண்டி எண்ணோ சீருடையோ தெளிவாகத் தெரியும் இடத்தில் திரைப்பிடிப்பு எடுத்து, கூகுள் லென்ஸ் போன்ற கருவியில் படமாகத் தேடினால் பெரும்பாலும் பழைய பதிவு ஒன்று அகப்படும். அகப்படவில்லை என்பதாலேயே காணொளி உண்மையாகிவிடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. அப்போதைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு, பரவிய இரண்டில் ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று விளக்கினார். வேறொரு காணொளி ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலை. அச்சத்தில் தொழிலாளர்கள் ஊர் திரும்பத் தொடங்க, பீகார் அரசு ஒரு குழுவையே இங்கே அனுப்பியது. ரத்தம் உண்மை, ஊரும் ஆளும் காரணமும்தான் மாற்றப்பட்டிருந்தன. வன்முறைக் காட்சிகளை வகுப்பில் ஓட்ட வேண்டியதில்லை. கரும்பலகையில் ‘காட்சியில் இருப்பது’, ‘வாசகம் சொல்வது’ என்ற அதே இரண்டு பத்திகளை எழுதினாலே போதும்.

‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ என்று வள்ளுவர் சொல்கிறார். நீங்களோ யார் சொன்னார் என்று விசாரிக்கச் சொல்கிறீர்கள். முரணாக இல்லையா?

ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவி இதைக் கேட்டபோது அன்று விடை சொல்லாமல் வீட்டுக்குப் போய் உரையைப் புரட்டினேன். இந்தக் குறளுக்குப் பரிமேலழகர் சொல்லும் காரணம் நம் வேலைக்கு மிகவும் பொருந்துகிறது. உயர்ந்த பொருள் இழிந்தவர் வாயிலும், இழிந்த பொருள் உயர்ந்தவர் வாயிலும், உறுதிப்பொருள் பகைவர் வாயிலும், கெடுபொருள் நண்பர் வாயிலும் சில நேரம் கேட்கப்படும் என்கிறார் அவர். நண்பர் வாயில் கெடுபொருள் என்பது குடும்பத்து வாட்ஸ்அப் குழுவுக்கு எழுதிய உரைபோலவே இருக்கிறது.

ஆகவே முரண் இல்லை. சொன்னவரைப் பார்த்து அங்கேயே நின்றுவிடாதே என்கிறது குறள். சொன்னவருக்கு அது எப்படித் தெரியும் என்று விசாரிப்பது மெய்ப்பொருளை நோக்கிய ஒரு படி. மதிப்புக்குரிய மருத்துவர் அணைக்கட்டைப் பற்றிச் சொன்னால், அவர் மதிப்பு அப்படியே இருக்கட்டும். அணையைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாக வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு இதெல்லாம் செல்லுமா? கண்ணால் காண்பதே பொய் என்கிறார்களே.

செயற்கைப் படத்தைக் கண்டுபிடிக்க விரல்களை எண்ணு, கண் சிமிட்டுகிறதா பார் என்ற குறிப்புகளைக் கற்பிக்காதீர்கள். கருவிகள் மேம்படும் வேகத்தில் அந்தக் குறிப்புகள் பழசாகிவிடும்; பழைய குறிப்பை நம்பும் மாணவர் ஒன்றும் தெரியாதவரைவிட எளிதில் ஏமாறுவார். யார் முதலில் வெளியிட்டார், வேறு யாராவது உறுதிசெய்தார்களா என்ற கேள்விகள் மட்டும் பழசாவதில்லை.

செயற்கையாக உருவாக்கியது எல்லாமே ஏமாற்று என்ற எண்ணத்தையும் கலைக்க வேண்டும். 2018இல் மறைந்த மு. கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாத் திரையில் கறுப்புக் கண்ணாடியும் மஞ்சள் துண்டுமாகத் தோன்றி வாழ்த்திப் பேசினார். அரங்கில் இருந்த யாரும் அது நேரலை என்று நம்பவில்லை. அதே மாதத்தில் ஏ. ஆர். ரகுமான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைக் குடும்பத்தாரின் ஒப்புதலோடு செயற்கை நுண்ணறிவால் மீட்டு ஒரு பாடலில் பயன்படுத்தினார். மாறாக, 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் காணொளியில் ஒட்டிப் பரப்பினார்கள். மூன்றையும் எழுதிப் போட்டு, யாரிடம் அனுமதி கேட்டார்கள், யாரிடம் மறைத்தார்கள் என்று கேளுங்கள். பதினொன்றாம் வகுப்பில் இந்த விவாதம் மணியடித்தும் ஓயாது.

இன்ஸ்டாகிராமில் ஒருவர் முகப்பூச்சைப் புகழ்கிறார். அது விளம்பரமா, கருத்தா?

பணமோ இலவசப் பொருளோ பெற்றுப் பேசினால் அது விளம்பரம். அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரநிலை மன்றம் 2021இல் நெறிமுறை வகுத்தது. குறியீடு இல்லாவிட்டாலும், தள்ளுபடிக் குறியீட்டெண்ணோ கொள்முதல் இணைப்போ இருந்தால் சந்தேகிக்கலாம். நாளிதழில் செய்திபோலவே அச்சாகி, மூலையில் ‘விளம்பரம்’ என்று பொடி எழுத்தில் வருவதும் இதே இனம்.

இப்படியே கற்பித்தால் பிள்ளைகள் எதையும் நம்பாதவர்களாக ஆகிவிட மாட்டார்களா?

ஆவார்கள், நானே அப்படி ஆக்கியிருக்கிறேன். தொடக்க ஆண்டில் அடுத்தடுத்துப் பத்துப் பொய்களைக் காட்டி, ஒவ்வொன்றையும் உடைத்துக் கைதட்டல் வாங்கினேன். அடுத்த வாரம் வானிலை ஆய்வு மையத்தின் உண்மையான புயல் எச்சரிக்கையைக் காட்டியபோது, “அதுவும் பொய்தான் சார்” என்று வகுப்பு சிரித்தது. கடலோரத்திலிருந்து வரும் பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருந்தார்கள். அன்று எனக்கு ஏற்பட்ட கலக்கம் இன்னும் நினைவிருக்கிறது.

அதன்பிறகு பாதிக்குப் பாதி உண்மையைக் கலந்தே கொடுக்கிறேன், அதுவும் ஒரே பொருளைப் பற்றி. 2016 நவம்பரில் வந்த 2,000 ரூபாய்த் தாளில், பூமிக்கடியில் புதைத்தாலும் காட்டிக்கொடுக்கும் நானோ சில்லு இருக்கிறது என்ற செய்தி பொய். அந்தத் தாளைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக 2023 மே 19 அன்று ரிசர்வ் வங்கி அறிவித்தது என்பது மெய். இரண்டையும் சரிபார்க்கப் போகும் இடம் ஒன்றே: ரிசர்வ் வங்கியின் சொந்த அறிவிப்பு. பொய்யைப் பிடித்த மாணவருக்குக் கொடுக்கும் பாராட்டை, உண்மையை உண்மை என்று உறுதிசெய்த மாணவருக்கும் கொடுக்க வேண்டும்.

அரசியல் வந்துவிடுமே? பெற்றோர் சண்டைக்கு வந்தால் யார் பதில் சொல்வது?

முதல் இரண்டு மாதம் கட்சிச் செய்திகள் பக்கமே போகாதீர்கள். தீபாவளிப் படம், விடுமுறைக் கார்டு, யுனெஸ்கோ ‘ஜன கண மன’வை உலகின் சிறந்த நாட்டுப்பண்ணாக அறிவித்தது என்ற பழைய வதந்தி ஆகியவற்றிலேயே வழிமுறை பழகிவிடும், யுனெஸ்கோ அப்படி எந்தத் தரவரிசையும் வெளியிடுவதில்லை. பிறகு அரசியல் வரும், வரத்தான் வேண்டும். அப்போது நான் ஒரே ஒரு விதியைக் கடைப்பிடிக்கிறேன்: என் மனத்துக்குப் பிடித்த தரப்பைப் புகழும் பொய்யைத்தான் முதலில் எடுத்துவருவேன். பிள்ளைகளுக்கு நம் சார்பு நாம் நினைப்பதைவிட நன்றாகத் தெரியும். அதை நாமே முதலில் உடைத்தால், அடுத்த வாரம் அவர்களுக்குப் பிடித்த தரப்பின் பொய்யையும் உடைக்க விடுவார்கள்.

வீட்டில் பெரியவர்கள் அனுப்புவதைப் பொய் என்று பிள்ளை எப்படிச் சொல்வது? மரியாதைக் குறைவு ஆகிவிடாதா?

குழுவில் எல்லோர் முன்னும் திருத்தினால் ஆகிவிடும். தனியாகச் சொல்ல வேண்டும். அதையும் கேள்வியாகச் சொல்ல வேண்டும். ஒரு மாணவி தன் பெரியப்பாவுக்குத் தனியாக இப்படி எழுதியதாகச் சொன்னாள்: “பெரியப்பா, இந்தப் படம் வேற ஊர்லே எடுத்ததாம். இந்த லிங்கைப் பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க.” ‘எடுத்தது’ என்று அடித்துச் சொல்லாமல் ‘எடுத்ததாம்’ என்றதைக் கவனியுங்கள். வகுப்பில் வதந்தியின் அடையாளமாகப் பார்த்த அந்த இடைச்சொல்லை, அவள் மரியாதைக்குப் பயன்படுத்தினாள். பெரியப்பா அந்தப் படத்தை நீக்கிவிட்டார். எதற்கு நீக்கினார் என்று குழுவில் யாருக்கும் சொல்லவில்லை.

உண்மை சரிபார்ப்பவர்களை யார் சரிபார்ப்பது?

நல்ல கேள்வி, மாணவர்கள் கேட்டே தீர வேண்டிய கேள்வி. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு 2019 முதலும், தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் 2023 முதலும் இயங்குகின்றன. யூடர்ன் போன்ற தனியார் தளங்களும் இருக்கின்றன. அரசின் அமைப்பு, ஓர் அரசாணை உண்மையா என்று சொல்வதில் வலுவானது. அரசின்மீதான குற்றச்சாட்டைப் பற்றிச் சொல்லும்போது அதுவும் ஒரு தரப்பு. தன்னைப் பற்றிய செய்திகள் பொய்யா என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை மத்திய அரசின் பிரிவுக்கு அளித்த 2023ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதித் திருத்தத்தைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பைச் சொல்லுங்கள், முடிவை மாணவர்களே விவாதிக்கட்டும்.

எந்தச் சரிபார்ப்பையும் மூன்று விதத்தில் அளக்கலாம். மூல ஆதாரத்துக்கு வழி காட்டுகிறார்களா, தங்கள் தவறுகளை வெளிப்படையாகத் திருத்துகிறார்களா, எல்லாத் தரப்புப் பொய்களையும் எடுத்துக்கொள்கிறார்களா? அவர்கள் கடந்துவந்த படிகளை மாணவரால் திரும்ப நடந்து பார்க்க முடிந்தால் அது நல்ல சரிபார்ப்பு.

இதற்கு மதிப்பெண் போடுவது எப்படி?

தேர்வு வைக்காதீர்கள், குறளை எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிட்டு மாலையில் பொய்யை அனுப்புவார்கள். ஒரு செய்தியை எடுத்து, எங்கெல்லாம் தேடினேன், எங்கே தடம் அறுந்தது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ‘கண்டுபிடிக்க முடியவில்லை, அதனால் அனுப்பவில்லை’ என்று முடியும் பக்கத்துக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன்.

நானே ஒரு பொய்யான தகவலைப் பகிர்ந்துவிட்டேன். மாணவர்கள் முன்னால் எந்த முகத்தோடு இதைக் கற்பிப்பது?

எனக்கும் நேர்ந்திருக்கிறது. பொதுத்தேர்வு அட்டவணை என்று வந்த ஒரு படத்தைக் காலை அவசரத்தில் வகுப்பின் பெற்றோர் குழுவில் போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில், முன்பு என்னிடம் படித்து அப்போது கல்லூரியில் இருந்த ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார்: அது முந்தைய ஆண்டு அட்டவணை, ஆண்டு மட்டும் மாற்றப்பட்டிருக்கிறது, கிழமைகள் பொருந்தவில்லை, பாருங்கள் சார். நாள்காட்டியை எடுத்துப் பார்த்தேன். முதல் தேர்வே ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது.

ஓசையில்லாமல் நீக்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் நீக்கிவிட்டால், ஏற்கெனவே பார்த்துச் சேமித்துக்கொண்டவர்களிடம் அது உண்மையாகவே தங்கிவிடும். அதே குழுவில், காலையில் நான் அனுப்பிய அட்டவணை தவறானது, சரிபார்க்காமல் அனுப்பியது என் பிழை, தேர்வுத்துறையின் அறிவிப்பு இன்னும் வரவில்லை என்று எழுதினேன். மறுநாள் அந்தப் படத்தையே வகுப்புக்கு எடுத்துச் சென்று, காலண்டரையும் பக்கத்தில் மாட்டி, பிழை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். நான்கு நிமிடத்தில் கண்டுபிடித்தார்கள். யார் அனுப்பியது என்பதை அவர்கள் வீட்டிலேயே தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார்கள்.